வெள்ளை திரும்பி வந்த பிறகு

என் மனைவி கோயமுத்தூரிலிருந்து மலையேறி எங்கள் ஊர் அரவேணுவில் வந்து இறங்கிய அன்று, அவளுக்கு முன்னால் பஸ் படிக்கட்டில் ஒரு மூங்கில் கூடை நீண்டது. "பிடிங்க, ஆட்டாமப் பிடிங்க" என்றாள். அதற்குள் எங்கள் பெண்முயல் வெள்ளை இருந்தது. கூடையை வாங்கிக்கொண்டேன். வீட்டில் சாம்பல் எனக்காகக் காத்திருந்தது. இனி அது எனக்காகக் காத்திருக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எங்களிடம் இரண்டு முயல்கள். பெயர் வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆணின் நிறம் சாம்பல், பெண் வெள்ளை, அப்படியே கூப்பிட்டோம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறதென்று மனைவி கோத்தகிரிச் சந்தையில் வாங்கி வந்தாள். குட்டிகள் பெருகிவிடக் கூடாதென்று ஆணுக்குக் காயடித்தாயிற்று. அப்படியும் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது. ஒன்று தலையைத் தாழ்த்தி நீட்டும், மற்றது கண்ணையும் காதையும் நக்கிக் கொடுக்கும். நான் கையை நீட்டினால் இரண்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அவர்கள் குடும்பத்தில் எனக்கு இடமில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

போன மழைக்கு முன்னால் வெள்ளைக்குத் தாடையில் சீழ்க்கட்டி வந்தது. கோயமுத்தூரில்தான் அறுக்க வேண்டும் என்றார் மாட்டு டாக்டர். அதே சமயம் அங்கே மகளுக்குப் பிரசவ நேரம். இந்தக் குளிருக்குள் பிள்ளை பெற மேலே வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதால் மனைவிதான் கீழே போனாள். வெள்ளையும் அவளோடு போயிற்று. நானும் சாம்பலும் மிச்சம்.

முதலில் அது தின்னவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எனக்கு வேலை தேயிலை பேக்டரியில், பச்சை இலையைக் காற்றில் வாட்டும் மேல்தளத்தில். வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்தில் தரையில் உட்காருவேன். ஒருநாள் அது வந்து என் மடியில் ஏறி, தலையைத் தாழ்த்தி நீட்டியது. வெள்ளையிடம் நீட்டுவதுபோலவே. நான் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். நிறுத்தினால் மூக்கால் இடித்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதனாலோ என்னவோ, ஆள் முன்னால் பேச வராது. டீக்கடையில் சக்கரை கம்மி என்று சொல்லக் கூச்சப்பட்டு, போட்டுக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வருவேன். அப்படிப்பட்ட நான் சாம்பலிடம் பேசினேன். மேஸ்திரி என்ன சொன்னார், இலை எவ்வளவு ஈரமாக வந்தது, பேரன் யார் ஜாடையில் இருப்பான், எல்லாம் பேசினேன். அதுவும் காதைத் திருப்பிக் கேட்டது.

இப்போது வெள்ளை வந்துவிட்டது.

அன்றைக்கு நல்ல மூடுபனி, தூறல் வேறு. கீழ்நாட்டு வெயிலிலிருந்து யார் மேலே வந்தாலும், காபி கொடுப்பதற்கு முன்னாலேயே நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்ப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். வெள்ளை நடுங்குவதைப் பார்த்த மனைவி சுடுதண்ணீரில் தைலத்தை ஊற்றினாள். அதில் கூண்டைத் துடைத்தாள், படுக்கும் சாக்கைத் துடைத்தாள், அதே துணியால் வெள்ளையின் முதுகையும் ஒற்றி எடுத்தாள். பிறகு இரண்டையும் ஒன்றாக விடப் போனாள்.

"இன்னிக்கே வேண்டாமே" என்றேன்.

"ஏனுங்க, ஊடு வந்து சேந்தவள வாசல்லயே நிறுத்தச் சொல்றீங்களா?"

விட்டாள். சாம்பல் ஒரு தரம் மோந்தது. அடுத்த நொடி பாய்ந்துவிட்டது. இரண்டும் பந்தாகச் சுருண்டு உருண்டன. வெள்ளை முடியும் சாம்பல் முடியும் பறந்தன. மனைவி கத்த, நான் சாக்கைப் போட்டு சாம்பலைத் தூக்கினேன். அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொண்டது. பிறகு என் கக்கத்துக்குள் முகத்தைச் செருகிக்கொண்டது. அது என்னிடம் வந்ததில் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. மனைவி அடுப்பங்கரையில் நின்றுகொண்டு சொன்னாள்: "இதுக சேரலீன்னா வெள்ளைய நம்ம மககிட்டயே கொண்டுபோய் உட்டுடறேனுங்க. மாப்பிள்ளைகூடக் கேட்டாரு. அத நானில்லாம அங்க ஆரு பாத்துக்குவாங்க? மாசத்துல பாதிநாளு நானும் அங்கயே இருந்துக்கறேன். கொழந்தையும் இருக்குதில்ல."

வெள்ளை போனால் சாம்பல் எனக்கே. ஆனால் இவளும் பாதி போய்விடுவாள். அவள் அதை வருத்தமே இல்லாமல் சொன்னது என்னைச் சுட்டது. மகள் வீட்டில் அவளுக்குப் பிள்ளை இருந்தான், மாப்பிள்ளை இருந்தார், டிவி பார்க்க ஆள் இருந்தது. எனக்கு அந்த வீட்டின் மீதே கோபம் வந்தது. மாப்பிள்ளை கையால் கொடுத்தால்தான் வெள்ளை தின்னுமாம். அதையும் நாலுதரம் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், அருவங்காட்டில் வெடிமருந்து பேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு வந்தார். வாசலில் நின்றபடியே தும்மினார்.

"என்னம்மா, ஊட்டுக்குள்ளயே தைலம் காய்ச்சறீங்களா? எனக்கே கண்ணெரியுது. மோந்து மோந்து பொழைக்கிற சீவன் என்னத்துக்காகும்?"

மனைவி துணியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அட ஆமாங்கண்ணா! தைலத்தப் பூசி உட்டுட்டு, உம் பொண்டாட்டியக் கண்டுபிடின்னா அது எப்படிங்க கண்டுபிடிக்கும்!"

"தம்பியாவது அதுகிட்ட எடுத்துச் சொல்லியிருக்கலாமே" என்று பெரியவர் என்னைக் காட்டினார். "நீயில்லாதப்ப அதுகூட என்ன பேச்சுங்கற! சொவத்துக்கு அந்தப்பக்கம் எனக்குப் பொழுதுபோக்கே அதுதான்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது.

அவர் போன பிறகு, சாக்கையும் கூண்டையும் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டே கேட்டாள். "என்கிட்டப் பத்து வார்த்த பேசறதுக்கு உங்களுக்கு ஒரு நாளாகும். அதுகிட்ட என்னத்தப் பேசுனீங்க?"

"சும்மாதான்."

"சும்மா பேசறதுக்குக்கூட நான் ஆகலையாக்கும்." தண்ணீரை வேகமாகக் கொட்டினாள்.

அவளுக்கும் எரிகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு முயல்மேல்.

தைலம் போகட்டுமென்று இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்தோம். சாக்கை மட்டும் தினமும் மாற்றிப் போட்டாள், அதன் படுக்கையில் இது, இதன் படுக்கையில் அது. ஒரு சாயங்காலம் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "உங்க ஸ்வெட்டருலதான் அவன் வாசம் பூரா இருக்குது. இவள மடியில வெச்சுக்குங்க. நான் அவனப் பாத்துக்கறேன்."

எனக்குப் போட்டியானவளை நானே மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டேன். தாடையில் தையல் போட்ட இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. அது என் ஸ்வெட்டரை அங்குலம் அங்குலமாக மோந்தது. சாம்பல் படுக்கும் இடம் வந்ததும் அங்கேயே மூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. என்னைத் தேடி அல்ல. ஆனாலும் கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த அறையில் என் மனைவி சாம்பலிடம் குசுகுசுவென்று ஏதோ பேசுவது கேட்டது. என்ன பேசுகிறாள் என்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து பெரியவருடைய கார் ஷெட்டில் விட்டோம். எங்கள் வீட்டுத் தரை சாம்பலுடைய ராஜ்ஜியம், அங்கே விட்டால் மறுபடி அடிக்கும் என்பது மனைவியின் கணக்கு. ஷெட் இரண்டுக்கும் புதுசு. சாம்பல் துரத்தியது. வெள்ளை ஓடி, நின்று, தரையோடு தரையாகப் படுத்துத் தலையை நீட்டியது. சாம்பல் அதன்மேல் மூக்கை வைத்தது. நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. கடித்துவிடேன் என்று ஒரு மனசு. மனைவி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடிக்காதே என்று இன்னொரு மனசு.

சாம்பல் அதன் கண்ணை நக்கியது. பிறகு காதை. பிறகு தாடையில் முடியில்லாத அந்த இடத்தை, விடாமல், வெகுநேரம்.

"சோலி முடிஞ்சுது தம்பி" என்று பெரியவர் சிரித்தார். "இனி உங்கள அவன் சீந்தமாட்டான்."

நானும் சிரித்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்தேன். இரண்டும் ஒரே உருண்டையாகப் படுத்திருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கூப்பிட்டேன். சாம்பல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மனைவி கேரட்டும் கத்தியுமாக எதிரில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, மூஞ்சி இப்படித் தொங்குது? பொறாமையாக்கும்?"

"ஆமா" என்றேன்.

இல்லை என்பேன் என்று நினைத்திருப்பாள். கத்தி நின்றது. வாயில் வந்ததை நானும் நிறுத்தவில்லை. "கோயமுத்தூருக்குப் போகாத" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "பேரன் உங்க ஜாடைதான்" என்றாள். "வாயத் தொறக்கவே மாட்டேங்கறான்."

ஒரு கேரட்டை என் பக்கம் தள்ளினாள், சீவச் சொல்லி. சீவினேன். மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே கேரட் இலைகளைப் பிய்த்து முயல்களுக்கு நீட்டினாள். முதல் இலையை வெள்ளைக்குத்தான் கொடுத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.