வரியில்லாத் தங்கமும் அக்காவின் தாலியும்

எங்கள் மேல் பிரியப்பட்டு யாரும் கிளிநொச்சியில் நகைத் தொழிற்சாலை திறக்கவில்லை. வடக்கில் தொடங்கினால் அரசாங்கம் சில வருடங்களுக்கு வரி கேட்காது. செய்த நகை முழுவதும் வெளிநாட்டுக்குப் போவதென்றால் தங்கமும் தீர்வையில்லாமல் வரும். அதற்காகத்தான் கொழும்பு முதலாளி வந்தார். நான் மேற்பார்வையாளர் ஆனேன். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததை இப்போது மறைத்து என்ன பயன்?

சலுகையோடு நிபந்தனையும் வந்தது. உள்ளே வந்த தங்கம் நகையாகவோ தூளாகவோ குறையாமல் தராசில் நிற்க வேண்டும். கூட்டிய குப்பையை வீசமாட்டோம். கை கழுவிய தண்ணீரையும் வடித்து வைப்போம். வேலைக்கு வருகிறவர்கள் சொந்தத் தங்கம் எதையும் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது. எங்கள் பெண்கள் அதற்கும் வழி கண்டார்கள். தாலியைச் சாமிப்படத்தின் முன்னால் வைத்துவிட்டு, கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டொன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வேலையில்லாத நாட்களில் கணவர்மார் தாலியைத் திரும்பக் கட்டிவிடுவார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

ஸ்கந்தபுரத்திலிருந்து வந்த ஒரு அக்கா மட்டும் மறுத்தார். அவருடைய கணவர் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். தாலி கழுத்தில் இருக்கும்வரை அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்பது அக்காவின் நம்பிக்கை. ஊர் என்ன கதைத்தாலும் பொட்டை அழிக்கவில்லை. சட்டைக்குள் தாலியை மறைத்துக்கொண்டு வருவார். கல் பதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் நானும் கண்டும் காணாமல் இருந்தேன். மகளின் படிப்பு அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

சுங்க அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. முதல் நாள் பின்னேரம் அக்காவை வாசலில் மறித்தேன்.

"நாளைக்குக் கழட்டி வச்சிட்டு வாங்கோ அக்கா. இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டன்."

"அவர் கட்டினது, பிள்ளை. நான் என்ர கையால எப்பிடிக் கழட்டுறது?"

"நாங்கள் எல்லாரும் கழட்டேல்லையோ? வீட்ட போய்த் திரும்பக் கட்டலாம்தானே."

யாரிடம் என்ன சொல்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் அக்கா மஞ்சள் துண்டோடு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அதிகாரிகள் தங்கத்தை நிறுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி என்னைப் பாராட்டினார்.

பிறகு சலுகைக் காலம் முடிந்தது. நீடிப்பார்கள் என்றிருந்தோம். நீடிக்கவில்லை. வேறொரு இடத்தில் புதிய சலுகை அறிவித்திருந்தார்கள். முதலாளி இயந்திரங்களை லொறியில் ஏற்றினார். எங்களை ஏற்ற அதில் இடமில்லை.

கடைசி நாள் வாசலில் அக்காவைக் கண்டேன். கழுத்தில் அந்த மஞ்சள் துண்டும் இல்லை.

"இனி ஒருத்தரும் மறிக்கமாட்டினம் அக்கா. தாலியைக் கட்டுங்கோ" என்றேன், ஏதோ வரம் கொடுப்பவளைப் போல.

"அண்டைக்குக் கழட்டினது, பிள்ளை. சாமிப்படத்துக்கு முன்னாலதான் கிடக்கு. திரும்பக் கட்டிவிட அவரெல்லோ வரவேணும்."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. எத்தனை நாளாய் இல்லையென்று எனக்குத் தெரியாது. நான் தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.