வெள்ளிமலை வீட்டு ஃபில்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்துமே அந்த வியாழக்கிழமை மதியம் போன் செய்து, நான் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த புருஷனிடம் சமாதானம் பேசப் போயிருந்ததாகச் சொன்னார். “ரெண்டு பேரும் ஒக்காந்து பேசினா சரியாப் பூடும் பாப்பா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரக் கேட்டுப் போனீங்க? இனிமே எனக்கு போனே பண்ணாதீங்க” என்று கத்திவிட்டு வைத்தேன். அப்பாவிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அப்பாவும் அண்ணனும் களமருதூரில் இருந்தார்கள். கல்யாணம் முறிந்து அங்கேதான் திரும்பினேன். ஆனால் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் “எப்போ போகப்போற?” என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார்கள். போங்கடா என்று வெள்ளிமலையில் வீடு பிடித்தேன். இணைய லைன் நன்றாக இருந்தது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஒரே ஒரு குறை, வீடு பள்ளத்தில் இருந்ததால் டவர் எட்டாது. போன் பேசுவதும் வைஃபை வழியாகத்தான். வைஃபை நின்றால் என் எண்ணும் செத்துப்போகும்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். இணையத்தில் போவதெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வாசலைத் தட்டுகிறது என்று எழுதியிருக்கும். பாக்கெட் ஃபில்டர் அதைப் படித்து, விடலாமா கூடாதா என்று முடிவு செய்யும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, பொய்ப் பாக்கெட்டுகளைத் தயாரித்து அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. இல்லாத முகவரியிலிருந்து ஒன்று, பேச்சை ஆரம்பிக்காமலேயே முடித்துக்கொள்கிற ஒன்று, பாதியில் வெட்டிய ஒன்று. என்னென்ன திருட்டுத்தனம் உண்டோ அத்தனையும் செய்து பார்ப்பேன். வேண்டாத பாக்கெட் வந்தால் ‘கிடையாது, போ’ என்று ஃபில்டர் பதில் அனுப்பலாம். இல்லையென்றால் மூச்சு விடாமல் கீழே போட்டுவிடலாம். நாங்கள் கீழே போடத்தான் சொல்லுவோம், ஏனென்றால் பதில் கொடுத்தால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிந்துவிடும்.

போனை வைத்த கையோடு வேலையில் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும். புதிய ஃபில்டருக்கான விதிகளைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். சோதிக்கத் தனி இடம் ஏது? வீட்டுக்குள் வரும் லைனுக்கும் வைஃபை ரவுட்டருக்கும் நடுவே சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகி, விதிகளை அதில் ஏற்றினேன். ஆபீஸ் வேலைக்கு வேண்டிய வாசல்களைத் திறந்து வைத்தேன். கடைசி வரியாக, மற்றதெல்லாம் பதிலின்றிக் கீழே போடு என்று எழுதினேன். ஸ்கிரிப்டை ஓட்டினேன். போக வேண்டியது போனது, விழ வேண்டியது விழுந்தது. திரை முழுக்கப் பச்சை. அடி சக்கை என்று என்னையே மெச்சிக்கொண்டு, பெட்டியைக் கழற்றாமல் அப்படியே ஓடவிட்டேன்.

ஃபில்டர் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாகில் என் ஸ்கிரிப்ட் அனுப்பாத வரிகளும் இருந்தன. சில விநாடிகளுக்கு ஒன்றாக, ஒரே முகவரியிலிருந்து ஒரே வாசலுக்கு வந்து வந்து விழுந்துகொண்டிருந்தன. அது என் போனின் முகவரி என்று எனக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு ஆப் தொணதொணக்கிறது என்று நினைத்தேன். சோதனையைப் படிக்க இடைஞ்சலாக இருந்ததால் அந்த வரிகளைத் திரையில் காட்டாதே என்றும் எழுதிவிட்டேன். வாட்ஸ்அப் செய்திகள், ஆபீஸுக்காகத் திறந்த வாசல் வழியாக வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. அதனால் போன் உயிரோடு இருப்பதாகவே பட்டது. அப்பாவிடமும் அண்ணனிடமும் பட்டன் போன்தான், அதில் வாட்ஸ்அப் கிடையாது.

தினமும் காலையில் கழனிக்குப் போகும்போது அப்பா எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு முறை மணி அடித்து நின்றால், நல்லா இருக்கேன், நீ வேலையைப் பார் என்று அர்த்தம். நான் எடுக்க மாட்டேன். இரண்டுக்கு மேல் அடித்தால்தான் விஷயம் உண்டு. என்மேல் வருத்தம் என்றால் அதையும் கொடுக்க மாட்டார். அதனால் வெள்ளிக்கிழமை காலை மணி அடிக்காதபோது, ஓகோ, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இருக்கட்டும், தப்புப் பண்ணினது அவர், நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று இருந்தேன். நானாக ஒரே ஒரு தடவை அழைத்துப் பார்த்திருந்தால் லைன் போகாதது அப்போதே தெரிந்திருக்கும். பாழாய்ப்போன வீராப்பு விடவில்லை.

சனிக்கிழமை மதியம் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பஸ் என் வீட்டுக்கு எதிரே நின்று ஹாரன் அடித்தது. மருந்து, சாவி, கல்யாணப் பத்திரிகை எல்லாமே இங்கே கண்டக்டர் கையில்தான் வந்து சேரும். யாருக்கோ ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார்.

“களமருதூர்க்காரங்க பொண்ணு நீதானம்மா? ஒங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டுல அழுதுகினு நிக்கிறாரு. ஒனக்கு போனே போவலயாம். அப்பாவுக்கு நெஞ்சு வலியாம், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்துக்கீறாங்களாம். இதே வண்டி திரும்புது, ஏறு.”

போட்டது போட்டபடி ஏறினேன். மலை இறங்கும்போது ஒரு வளைவில் போனுக்கு டவர் கிடைத்தது. மடமடவென்று மெசேஜ் கொட்டியது. இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தது, இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் எல்லாம் அப்பாவின் எண். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வந்திருந்தன, சாயங்காலமும் வந்திருந்தன. அதற்கப்புறம்தான் அண்ணனுடையவை. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. போனின் பேச்சு வெளியே போக வேண்டிய வாசலை நான் திறந்து வைக்கவேயில்லை. கீழே விழுந்துகொண்டே இருந்த வரிகள் அவைதான். ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உடம்புக்கு எது வந்தாலும் அப்பா முதலில் எனக்குத்தான் சொல்லுவார். நான் நன்றாகத் திட்டுவேன். அந்தத் திட்டு விழுந்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார், அண்ணன் சொன்னால் அசைய மாட்டார். அந்த வெள்ளிக்கிழமை திட்ட ஆள் கிடைக்கவில்லை. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் காலையில் வாசலிலேயே சாய்ந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைத் திட்டுவான், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பக்கத்தில் போனேன். அவன் திட்டவில்லை.

“நேத்து சாய்ங்காலமே பைக் எடுத்துக்கினு மேல வர்றேன்னு சொன்னேன் பாப்பா. அப்பாதான் வுடல. ‘போன ஆஃப் பண்ணி வெச்சிக்கினு கீறா. போய் நின்னா கோவம் இன்னும் ஜாஸ்தியாவும். அவளக் கேக்காம நான் போனது தப்புதான்டா, வுடு’ன்னாரு.”

“நான் ஆஃப் பண்ணல, அண்ணா” என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, விதி, வாசல் என்று என்னென்னவோ உளறினேன். அவனுக்கு அதில் பாதிகூடப் பிடிபடவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அப்போ நீ அவர் மேல கோவமா இல்லியா?”

இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு வரைக்கும் இருந்தேன். அதற்கப்புறம், அவராக ஒரு தடவை அழைத்தால் எடுத்துப் பேசிவிடலாம் என்று போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.