மொக்கம்மாள் ஜீப்புக்கு ஒரு வெப்சைட்

காளீஸ்வரி மொக்கம்மாளின் ஜீப்பை விட்டுப் போனது ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு. சிலமலைக்கு ரோடு பிரியும் விலக்கில், வண்டி நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது அது.

வண்டிக்குள் இடம் இல்லை. செக்போஸ்டில் தலையை எண்ணத் தொடங்கியிருந்த நேரம். பத்துப் பேருக்கு மேல் ஒருத்தி இருந்தாலும் ஜீப்பைத் திருப்பிவிடுவார்கள். காளீஸ்வரி பதினோராவது ஆளாக, தூக்குவாளியோடு கீழே நின்றாள்.

“நேத்து தோட்டத்துலயே சொன்னேன்லக்கா, நாளைக்கு வர்றேன்னு?”

சொன்னாள்தான். மொக்கம்மாள் தலையாட்டியதும் உண்மைதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது. அட்டையைப் பிடுங்கி எறிந்த வேகத்தில் காளீஸ்வரி சொன்னதும் சேர்ந்து போய்விட்டது. சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டாள்.

“மறந்துட்டேன்டி.”

“பதினெட்டு வருசம் பக்கத்துல உக்காந்து வந்தவள மறந்துட்ட. நல்லாருக்குக்கா.”

பின்னால் வந்த ஈஸ்வரனின் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள் காளீஸ்வரி. அதுவும் முன்சீட்டில்.

மொக்கம்மாள் கங்காணி. சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் பெண்களைத் திரட்டி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவள் சோலி. நாளைக்கு யார் வருகிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம் என்ற விவரமெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. அந்தத் தலைதான் இப்போது காலை வாரிவிட்டது.

சமாதானம் பேச இரண்டு முறை முருங்கைக்காயோடு போனாள். காளீஸ்வரி முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு பையை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். ஜீப்பில் காளீஸ்வரியின் இடத்தில் உட்கார்ந்த பெண்ணோ காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கினாள். ஒன்றரை மணி நேர மலைப்பாதையில் ஊர்க்கதை பேச ஆள் இல்லாமல் மொக்கம்மாளுக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது. அவள் அந்த மலையில் வாந்தி எடுத்ததே கிடையாது.

இனி ஒருத்தி பேரும் விட்டுப்போகக் கூடாது என்று மகள் சுகன்யாவிடம் போய் நின்றாள். சுகன்யா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்.

“எனக்கு ஒரு ஆப் செஞ்சு குடு.”

“ஆப் எதுக்கும்மா? வெப்சைட் போதும். லிங்க்கத் தொட்டா தொறந்துரும்.”

“அதெல்லாம் ஆகாது. ஏலக்காய் படம் போட்டு, கீழ எம் பேரு போட்டு, எல்லார் போன்லயும் நிக்கணும். ஈஸ்வரன் வண்டிக்கு இருக்கா அப்படி?”

அம்மா கேட்டபடியே ஆப் தயாரானது. மறுநாள் ஜீப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். பத்துப் போன்களில் மூன்றில்தான் இறங்கியது. ஒருத்தி எதையோ அழுத்தி ரம்மி விளையாட்டை இறக்கிவிட்டாள். ‘வாருங்கள், ஜெயிக்கலாம்’ என்று அது நாள் முழுக்க அவளை அழைத்தது. ஆயம்மாளின் போனில் இடமே இல்லை.

டிரைவர் ராஜாராம் வாங்கிப் பார்த்தான். “ஆத்தா, ‘காலை வணக்கம்’னு பூப்படமே ஆயிரத்தி நானூறு கெடக்கு. அத அழிச்சிருவமா?”

“கைய எடுப்பா! எந்தம்பி அனுப்புனது. அவந்தான் வீட்டுப்பக்கம் எட்டிப் பாக்குறதில்ல, பூவாச்சும் இருக்கட்டும்.”

மொக்கம்மாள் ஏலக்காய் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி, அந்த வெப்சைட்டையே போட்டுத் தொலை” என்றாள்.

வெப்சைட்டில் பத்துக் கட்டங்கள். தொட்டுப் பேர் போட்டால் பச்சையாகும். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. மாலையில் ஜீப்பு வளைவுகளில் இறங்கும்போது போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கும், அப்போது எல்லோரும் பேர் போடுவார்கள். புரட்டாசி வரைக்கும் ஒருத்தி பேரும் விட்டுப்போகவில்லை.

ஒரு நாள் சுகன்யா கூப்பிட்டாள். “எம்மா, பத்துப் பேருக்குத்தான லிங்க் அனுப்புன? பதினோரு போன்ல தொறக்குது. தெனம் ராத்திரி சரியா ஏழு மணிக்கு ஒண்ணு வருது, பாக்குது, எதையும் தொடாமப் போயிருது.”

ஏழு மணிக்கு உலையை வைத்துவிட்டுப் போனும் கையுமாக அடுப்படியில் உட்காருகிறவளை மொக்கம்மாளுக்குத் தெரியும். யாரோ லிங்க்கை அனுப்பியிருக்கிறார்கள்.

“ஏன்டி, இது ஆப்பா இருந்தா வந்து பாத்திருப்பாளா?”

“நம்பர் குடுத்து உள்ள வரணுமே. காளீஸ்வரி சித்தியா குடுக்கும்?”

“கட்டத்துக்கு மேல ரெண்டு வரி எழுத எடம் பண்ணு.”

அன்றிலிருந்து கட்டங்களுக்கு மேலே செய்தி வந்தது. ‘ஆயம்மா வழுக்கி விழுந்தா. அடி இல்ல. விழுந்தப்ப அவ திட்டுனது யாரைன்னா... மீதி வண்டியில.’ மறுநாள்: ‘காதுல ஒயரு மாட்டுற புள்ளையப் பொண்ணு பாக்க வந்தாக. மாப்ள கேட்ட கேள்வி... மீதி வண்டியில.’

“இது வண்டியில எடம் போடுற பக்கமா, கடுதாசியா?” என்றாள் சுகன்யா.

“ஒன் சோலியப் பாரு.”

பத்தாவது கட்டத்தை ஏழரை மணி வரை யாரும் தொடக் கூடாது என்று மொக்கம்மாள் உத்தரவு போட்டாள். ஏழரைக்குமேல் அது வேறு யாருக்காவது போகும். ஐப்பசி மழையிலும் கார்த்திகைப் பனியிலும் அப்படித்தான் போனது. பதினோராவது போன் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து படித்துவிட்டுப் போனது.

மார்கழி பாதியில், ‘தேவாரத்துக்காரி புருசன் துணிக்கடையில நின்னாரு. கூட நின்னது யாருன்னா... மீதி வண்டியில’ என்று செய்தி போட்ட நாலாம் நாள், ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பத்தாவது கட்டம் பச்சையானது. பேர் போடும் இடத்தில் இப்படி இருந்தது:

‘காளீஸ்வரி. நாளைக்கு வர்றேன். தேவாரத்துக்காரி புருசன் துணிக்கடையில யார் கூட நின்னாருன்னு மலை ஏறுறதுக்குள்ள நீ சொல்லிப்புடணும். நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல.’