ஓசோன் படையும் காலிப் பெட்டிகளும்

கண்ணுக்குத் தெரியாத சாமானை அளந்து, அது இருக்குன்னு நம்பாத ஆட்கள்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கிறதுதான் நம்ம தொழில். கண்டியைச் சுத்தியுள்ள நாலு உள்ளூராட்சிச் சபைகள் சேர்ந்து காத்துக்கு ஒரு பொதுத் திட்டம் போடப் போகுதுன்னு சொல்லி, ஊர் ஊரா வெள்ளைப் பெட்டி மாட்டுற வேலைக்கு என்னை எடுத்தாங்க. தண்ணி மீட்டர் பார்க்கிறவங்க, கரண்ட் மீட்டர் பார்க்கிறவங்க, குடிசனக் கணக்கெடுக்கக் கதவு தட்டுறவங்க எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. நாயும் நம்மளைத்தான் துரத்துது, ஆளும் நம்மளைத்தான் திட்டுறாங்க. இந்தக் கதையெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

படை

அலவத்துகொடையில பெட்டி மாட்ட உசரமான மொட்டைமாடி ஒண்ணு தேவைப்பட்டுச்சு. ஹார்ட்வெயார் கடை வெச்சிருக்கிற நிஸாம் நானாகிட்ட போய் நின்னேன். கதிரையை இழுத்துப் போட்டு, பால் போடாத ப்ளேன்டி வரவழைச்சு, "இது என்ன சாமான், செல்லுங்க"ன்னு விவரம் கேட்டார். ஓசோன் அளக்கிற பெட்டின்னேன். அங்கதான் பிடிச்சது சனியன். நம்ம நாட்டுல பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் ஓசோன்னா ஒரே விசயம்தான் தெரியும்: வானத்துல ஓசோன் படைன்னு ஒரு அடுக்கு இருக்கு, அதுல ஓட்டை விழுந்திருக்கு, அதைக் காப்பாத்தணும். நானும் அப்படி எழுதி மார்க்ஸ் வாங்கினவன்தான்.

பெயின்ட் வாங்க வந்த ஒருத்தர் காதுல பாதி விழுந்து, "படையா? எந்தக் கேம்ப்ல இருந்து?"ன்னு கேட்டார். பக்கத்துல நின்னவர், படைக்கு ஃபார்மசியில நல்ல களிம்பு இருக்குன்னு சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். ரெண்டு பேரையும் ஒருமாதிரி சமாளிச்சேன். மேலே இருக்கிற ஓசோன் வெயில் சுடாம நம்மளைக் காக்கும், அதே ஓசோன் நாம மூச்சு விடுற உயரத்துல இருந்தா நெஞ்சை எரிக்கும், சாமான் ஒண்ணுதான், இருக்கிற இடம்தான் பிழைன்னு விளக்கினேன். நிஸாம் நானா தாடியைத் தடவிக்கிட்டு யோசிச்சார். கிண்டல் பண்றாரோன்னு முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனுசன் நிஜமாவே மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்:

"மேல ஓட்ட ஈக்கி, கீழ மிச்சம் ஈக்கி. ஏணி நான் தாறேன், ஏத்தி அடைக்க ஏலாதா?"

பஸ் ஓடாத பஸ் ஸ்டாண்ட்

எங்க பெட்டி ஓசோனையும் அளக்கும், புகையையும் அளக்கும். ஏன்னா ஓசோனை எந்தச் சைலன்சரும் கக்குறதில்லை. புகை வெயில்ல கிடந்து வெந்து வெந்துதான் ஓசோன் உண்டாகுது. மலை, காத்து, வெயில், புகை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்த நேரத்துல எந்த ஊருக்கு எவ்வளவு ஓசோன்னு கணக்குப் பார்க்கிறவங்க எங்க ஆபீஸ் துஷ்யந்தி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரங்க. அந்தக் கணக்குக்குத்தான் மாடல்னு பேர். ஒருநாள் போன் பண்ணி, "செல்வா, கம்பளை பஸ் ஸ்டாண்டில பஸ் ஓடுறேல்லையோ?"ன்னாங்க. பெட்டி அனுப்புற கணக்குல புகையே இல்லையாம்.

நேரா கம்பளைக்குப் போய், எதிர்த் தேத்தண்ணிக் கடையில உட்கார்ந்து பார்த்தேன். அடேயப்பா! வர்ற பஸ் ஒவ்வொண்ணும் உள்ள நுழைஞ்சதும் டிரைவர் தலையைத் தூக்கி என் பெட்டியைப் பார்க்கிறார், டப்புன்னு என்ஜினை அணைக்கிறார். டைம்கீப்பர் கத்துற வரைக்கும் உறுமிக்கிட்டே நிக்கிற பஸ்ஸெல்லாம் கோயில் யானை கணக்கா சாதுவா நிக்குது. பெட்டியில சின்னதா ஒரு சிவப்பு லைட் எரியும். அதைப் பார்த்துட்டு யாரோ, இது புதுசா வந்த கேமரா, புகை அடிச்சா வீட்டுக்கே தண்டம் வரும்னு கிளப்பி விட்டிருக்காங்க.

எனக்கு வந்ததே கோவம்! நான் அளக்க வந்தது நிஜமான புகையை, இவங்க எனக்காகச் சுத்தம் பண்ணி வெச்ச காத்தை இல்லை. ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் போய், இது கேமரா இல்லைங்க, தண்டமும் இல்லைங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். "நீங்க அப்படித்தானே சொல்லணும்"னு கண்ணடிச்சுட்டுப் போறாங்க. ஒரு டிரைவர் மட்டும் என்னை ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போய்க் குரலைத் தணிச்சுக் கேட்டார்:

"அண்ணே, நேத்து மழைக்குள்ள கொஞ்சம் ஓட விட்டுட்டேன். அது படத்துல விழுந்திருக்குமா?"

குண்டசாலைப் பெட்டி

இப்ப என் வீட்டுக் கதை. என் வீட்டுக்காரி கலாவுக்கு வீசிங். கண்டி டவுன்ல, மெயின் ரோட்டோரம் வாடகைக்கு இருந்தப்ப, மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாம மாடிப்படி ஏற மாட்டா. நல்ல காத்து வேணும்னுதான் குண்டசாலைக்கு வந்தோம். டொக்டர் நடக்கச் சொன்னார். சமையல், துணி எல்லாம் ஓய்ஞ்சு மூணு மணி போல நடக்கப் போவா. திரும்பி வரும்போது இழுப்பு. இவ்வளவு நல்ல காத்துல ஏன் இழுக்குதுன்னு ரெண்டு பேருக்கும் விளங்கலை. நடந்து பழகினாச் சரியாயிரும்னு மறுநாள் இன்னும் வேகமா நடப்பா.

அந்த நேரத்துலதான் துஷ்யந்தி மிஸ், "உங்கட குண்டசாலைப் பெட்டி பழுது போல. பின்னேரத்தில டவுனை விட அங்க ஓசோன் கூடக் காட்டுது"ன்னாங்க. புதுப் பெட்டி மாட்டினேன், அதுவும் அதையே சொல்லுச்சு. கண்டிப் பெட்டியைக் குண்டசாலைக்கும் குண்டசாலைப் பெட்டியைக் கண்டிக்கும் மாத்திப் பார்த்தேன். அப்பவும் அதேதான். எனக்கு இருப்புக் கொள்ளலை. மிஸ்ஸோட மேசைக்குப் பக்கத்துலயே போய் உட்கார்ந்துட்டேன்.

மாடலை ஓட்டிக் காட்டினாங்க. காலையில டவுன்ல கிளம்புற புகை, மேக்குக் காத்துல மெல்ல மெல்லக் கிழக்கே நகருது. வெயில் ஏற ஏற வேகுது. டவுன்ல ஓசோன் உண்டானாலும், அடுத்தடுத்து வர்ற புதுப் புகையே அதைத் தின்னுருது. குண்டசாலைக்கு வந்த பிறகு தின்ன ஆள் இல்லை. அடுப்பு ஒரு வீட்டுல, பால் பொங்கி வழியிறது இன்னொரு வீட்டுல. "எத்தனை மணிக்கு மிஸ் உச்சம்?"ன்னு கேட்டேன். "ரெண்டரை, மூண்டு"ன்னாங்க. கலா நடக்கப் போற அதே நேரம்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா கலாகிட்ட சொன்னேன். எனக்குப் பயம், அவளுக்கு ஆத்திரம். திரும்ப டவுனுக்கே போயிரலாமான்னா, அங்கே வேகாத பச்சைப் புகை, அது இன்னும் மோசம். விடிஞ்சதும் நடக்கிறதுன்னு முடிவாச்சு. ஆனா பகல்ல துணி காயப்போடவும் கடைக்குப் போகவும் வெளியே வரத்தானே வேணும்? ஜன்னலைச் சாத்திக்கிட்டே சொன்னா:

"நாம கண்டியை விட்டுட்டு வந்தோம். கண்டி நம்மளை விடலையே!"

பேர் சொல்லுங்க

நாலு சபைக்கும் தலைவர்களான தவிசாளர்கள் ஒரே மேசையில உட்கார்ந்த கூட்டம். ஒருத்தர் எங்க எல்லைக்குள்ள புகைக்குழாயே இல்லைன்னார். ஒருத்தர் டவுன் புகையை டவுனே பார்த்துக்கட்டும்னார். டவுன்காரர் லேசுப்பட்டவரா? "எங்ககிட்டத்தான் ஓசோன் குறைவுன்னு உங்க மிஸ்ஸே சொல்றாங்க, பிறகு நாங்க எதுக்கு?"ன்னு கையை விரிச்சார். துஷ்யந்தி மிஸ் படத்தைத் திரையில போட்டாங்க. மேக்குக் காத்து மாசங்கள்ல கம்பளைப் புகை கண்டிக்கு, கண்டிப் புகை குண்டசாலைக்கு. மார்கழி, தையில காத்துத் திரும்பினா எல்லாம் தலைகீழ். தர்றவங்களும் வாங்குறவங்களும் ஒரே ஆட்கள்தான். நாலு பேரும் திரைக்குக் கிட்டப் போய், "எல்லைக்கோடு எங்க?"ன்னு தேடுறாங்க. "போடேல்லை, ஐயா. போட்டாலும் காத்து வாசிக்காது"ன்னாங்க மிஸ்.

அதுல ஒரு தவிசாளர், நல்லாத் தமிழ் பேசுற சிங்கள ஐயா, மீன் வெச்ச மாலுபாணைக் கையில வெச்சுக்கிட்டே எரிச்சலோட கேட்டார்: "சரி, இதால யாருக்கு என்ன ஆச்சு? ஒரே ஒரு பேர் சொல்லுங்க பார்ப்போம்." மிஸ் என்னைப் பார்த்தாங்க. கூட்டத்துல வாயைத் திறக்கிற ஆள் இல்லை நான். பெட்டி தூக்குறவன். ஆனா அடக்க முடியலை. "கலா. என் பொஞ்சாதி. குண்டசாலையில மூணு மணிக்கு நடந்துட்டு வந்து மூச்சுக்கு அல்லாடுவா"ன்னேன். ஐயா மாலுபாணைத் தட்டுல வெச்சுட்டுக் கையைத் துடைச்சார்.

"தங்கச்சிக்கு மூணு மணிக்கு மூச்சு முட்டக்கூடாதுன்னா, எங்க பக்கத்து பஸ்ஸெல்லாம் எத்தனை மணிக்குப் புகை விடாம நிக்கணும்?"

ஏகமனதாக

மிஸ் டக்குன்னு மாடலை ஓட்டினாங்க. காலை நேரத்துப் புகைதான் மூணு மணிக்கு ஓசோன். பள்ளிக்கூட, ஆபீஸ் நேரத்துல பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற என்ஜினை அணைச்சாலே ஆரம்பத்துக்கு நல்லதுன்னாங்க. சரி, யார் அணைக்க வைக்கிறது? தண்டம் போட சுற்றறிக்கை வேணும், சுற்றறிக்கை கொழும்புல இருந்து வரணும், வரும்போது நாம எல்லாம் பென்சன்ல போயிருப்போம். கூட்டம் படுத்துருச்சு. நான் சும்மா இருக்க மாட்டாம, கம்பளையில டிரைவர்மார் என் பெட்டியைக் கேமரான்னு நினைச்ச கதையை எடுத்துவிட்டேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாச்சு. சிரிக்காதவர் அந்த ஐயா மட்டும்தான்.

"செல்வா, பழுதாப்போன பெட்டி எத்தனை வெச்சிருக்கீங்க?"

எங்க வீட்டு கேட்

இப்ப நாலு சபையிலயும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு காலிப் பெட்டி தொங்குது. உள்ளே ஒண்ணுமில்லை, சிவப்பு லைட்டும் ஒரு பேட்டரியும் மட்டும். பொய் சொல்லக்கூடாதுன்னு கீழே மூணு மொழியிலயும் "இது கேமரா அல்ல"ன்னு எழுதி ஒட்டியிருக்கோம். டிரைவர்மார் நின்னு வாசிக்கிறாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்க, என்ஜினை அணைக்கிறாங்க. கம்பளை டிரைவர் போன கிழமையும் அந்த மழை நாளைப் பத்தி விசாரிச்சார். நாலு சபையும் அடுத்ததாக் குப்பை கொளுத்துறதைப் பத்திப் பேசக் கூடுது. இந்த முறை எல்லைக்கோட்டை யாரும் தேடலை.

போன ஞாயித்துக்கிழமை விருந்தாளி வந்து காலை நடை தப்பிப் போச்சு. கலா பிடிவாதமா மூணு மணிக்கே கிளம்பிட்டா. நான் பம்ப்பைக் கையில வெச்சுக்கிட்டு கேட்டுல நின்னேன். வந்தா. படியில உட்கார்ந்தா. நான் நீட்டின பம்ப்பைத் தள்ளிவிட்டுட்டுத் தண்ணி கேட்டா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. துஷ்யந்தி மிஸ்கிட்ட சொன்னா, ஒரு நாளை வெச்சு ஒண்டும் சொல்லேலாதுன்னு சொல்லுவாங்க, அது எனக்கும் தெரியும். தண்ணியைக் குடிச்சு முடிச்ச கலா, குப்பைக்கு நெருப்பு வெச்சுக்கிட்டிருந்த எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக்கிட்டே சொன்னா:

"நம்ம கேட்டுலயும் ஒரு காலிப் பெட்டி மாட்டுங்க. லைட்டு மட்டும் நல்லா எரியணும்."

இருக்கிற ஓசோனை நம்ப வைக்க நான் படாத பாடு பட்டேன், இல்லாத கேமராவை நம்பாதீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னொரு பிறவி வேணும்.