பெயர் போடக்கூடாத ஆய்வு

ஐம்பது வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். வேலையிடத்தில் பெரியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. அதற்காகத்தான் சுங்கை வே வட்டாரத்திலுள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா. குள்ளம், மூக்குக் கண்ணாடியில் டேப் ஒட்டியிருக்கும். புதியவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டுவார். பிறகு, "இப்ப நீ எனக்குச் சொல்லிக்கொடு" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இதையே ஆய்வேட்டில் சொல்ல எனக்கு நாற்பது பக்கம் தேவைப்பட்டது. இத்தனை பேரைப் பழக்கியும் அவர் இன்னும் ஆப்பரேட்டர்தான். ட்ரெய்னர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டுமாம்.

பேட்டிக்கு ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.

"புக்குல என் பேரு வரும்தானே சார்? ட்ரெய்னர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன், ஆபீஸ்ல காட்டணும்."

"பேரு போடக்கூடாதுக்கா. 'பங்கேற்பாளர் நான்கு'ன்னுதான் வரும். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"யாருகிட்டேருந்து பாதுகாப்பு? நான் சொல்றத எழுதி நீங்க டாக்டர் ஆவீங்க, நான் நம்பர் ஆகணுமா? நல்லா இருக்கு லா உங்க படிப்பு!"

படிவத்தை என் பக்கமே தள்ளிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

பெயர் போடக்கூடாது என்ற விதியின் மேல் எனக்கு வந்த கோபத்தில் பல்கலைக்கழகத்துக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன், அனுப்பவில்லை. நான்காம் எண்ணுக்கு வேறோர் ஆளைப் பிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. பட்டமும் வந்துவிட்டது. யாராவது என்னை டாக்டர் என்று கூப்பிட்டால் இன்னும் எரிகிறது.