மணல் மூட்டைக்குத்தான் முதல் சவாரி

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம், எங்கள் ஆரணிக்குப் பலூன் வேடிக்கை வந்தது. நான் இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் உபாத்தியாயர். அதனால் வேடிக்கை காட்ட வந்த துரைசானியம்மாளுக்கும் ஊராருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மாள் புகை நிரப்பிய பலூனில் தொங்கிக்கொண்டு மேலே போவார். நல்ல உயரத்தில் பலூனை விட்டுவிட்டு, பெரிய பட்டுக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். குடை விரியாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முந்தின ஊரில் குடை முள்மரத்தில் மாட்டி ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. ஆரணி பட்டு நெய்யும் ஊராயிற்றே, அந்தப் பக்கத்தை இங்கேயே புதிதாகப் போட்டுக்கொள்ள ஏற்பாடு. நெய்து கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் தறி வைத்திருப்பவர். நூலைக் கொளுத்தி முகர்ந்து காட்டினார், இரண்டு ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னார், வெயிலில் பிடித்து இழை பார்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் துணி தேறியது. தையலும் முடிந்தது.

அப்போதுதான் அம்மாள், தான் ஏறுவதற்கு முன் தன் எடைக்கு மணல் மூட்டை கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

வேடிக்கையை ஏற்பாடு செய்திருந்த பட்டணத்துக் காண்ட்ராக்டர் குதித்தார். "இன்னா பேஜாருங்க இது? ஊரு ஊரா எறங்கின கொடைதானே. ஒரு துண்ட மாத்திட்டா கொடையே மாறிடுமா? விடிஞ்சா ஜனம் வந்துடும், மண்ணு மூட்டையவா காட்டறது?"

நெசவாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க பட்டுக்கு இன்னா இன்னா பரீட்சை உண்டோ எல்லாம் காட்டிட்டேன். எம்மேல நம்பிக்க இல்லன்னு நேராவே சொல்லிடச் சொல்லுங்க."

இரண்டையும் கொஞ்சம் மழுப்பித்தான் சொன்னேன். அம்மாள் அசரவில்லை. அவையெல்லாம் உடுத்தும் துணிக்கான சோதனை. குடையில் ஒரு துண்டு மாறினாலும் அது புதுக் குடை. புதுக் குடையில் முதலில் மணல்தான் இறங்கும், தங்கள் தொழிலில் அதுதான் சட்டம் என்றார். எனக்கு அது வெறும் பிடிவாதமாகவே பட்டது.

அரிசி மண்டித் தராசின் ஒரு தட்டில் அம்மாள் ஏறி உட்கார்ந்தார். மறு தட்டில் ஆற்று மணல். ஊரே சிரித்தது. அம்மாளும் சிரித்தார்.

மறுநாள் விடியலில், பனி விலகுமுன், பலூனைக் கயிறு கட்டி மேலே விட்டார்கள். கீழிருந்து இன்னொரு கயிற்றை இழுத்ததும் மூட்டையோடு குடை கழன்றது. விரியவில்லை. மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்டு நேரே வந்து விழுந்தது. மூட்டை வெடித்து மணல் சிதறியது.

நெசவாளர்தான் முதலில் ஓடினார். புதுத் துண்டை விரலால் பிரித்தார், பிசுபிசுவென்று ஒட்டியது.

"கஞ்சிங்க," என்றார். "தொளதொளன்னு குடுத்தா ஊருக்குக் கேவலமாச்சேன்னு, பொடவைக்குப் போடறாப்பல போட்டேன். விருந்தாளியாச்சேன்னு கொஞ்சம் கூடவே போட்டுட்டேங்க."

மொடமொடப்பில்லாத பட்டை எங்கள் ஊரில் யாரும் கையைவிட்டு அனுப்பமாட்டார்கள். அது பனியில் பசையாகும் என்று யோசிக்க அதுவரை யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

அம்மாள் கோபிக்கவில்லை. நெசவில் குறையில்லை என்று அவரிடம் சொல்லச் சொன்னார். குடையை ஆற்றில் நன்றாக அலசிக் காயவைத்து, அடுத்த நாள் காலை மறுபடி மணலை விட்டார்கள். குடை படாரென்று விரிந்தது. மூட்டை ஆடி அசைந்து இறங்கியது. "ஜல்தியா ஏறச் சொல்லுங்க" என்று காண்ட்ராக்டர் மேளத்தை அடிக்கச் சொன்னார். அம்மாள் இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டார்.

நெசவாளர் குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். "வாத்தியாரய்யா, இன்னொரு தபா மண்ண விடச் சொல்லுங்க."

அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அந்தத் தடவையும் குடை விரிந்தது. பிறகு அம்மாள் ஏறினார். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. நெசவாளர் மட்டும் தரையைப் பார்த்தபடி, "எறங்கினு இருக்காங்களா? எறங்கிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். களம்பூர்ப் பக்கத்து வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு அம்மாள் நடந்து வந்த பிறகே தலையை நிமிர்த்தினார்.

இப்போதும் யாராவது, "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று என்னிடம் முறைத்துக்கொண்டால், இன்னொரு தடவை மணலை விடச் சொல்லி என்னைப் பிடித்த அந்த நெசவாளரின் கைதான் எனக்கு நினைவு வருகிறது.