கல்லக்காவின் காது

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் கல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். மீன் தலைக்குள்ளிருந்து காதுக்கல் எடுப்பது அவர் வேலை. எடுத்த கல்லைப் படம் பிடித்து, அதன் விளிம்பைக் கணினியில் வரைந்து அளப்பது என் வேலை. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, என் கல்யாணம், என் பிரசவம், அவருடைய முதல் நரை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

மீனுக்குக் காது வெளியே தெரியாது. மண்டையோட்டுக்குள்ளே இரண்டு பக்கமும் சுண்ணாம்பாலான சின்னக் கற்கள் இருக்கும். நிமிர்ந்திருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் மீனுக்கு அந்தக் கல்லால்தான் தெரிகிறது. எங்களுக்கு வருபவை துருவக் கடல் மீன்கள். உறைந்த தலைகளாகக் கப்பலில் வந்து இறங்கும். அவற்றில் சில வகைக்கு ரத்தத்தில் சிவப்பே கிடையாது. முதல்முறை அதைப் பார்த்தபோது அக்கா, "இதுக்கெல்லாம் ரோஷமே வராது போல" என்றார்.

கடல் தரையை ஒட்டிக் கிடக்கிற மீனின் கல்லும், நடுத்தண்ணீரில் திரிகிற மீனின் கல்லும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. கல்லை மட்டும் பார்த்து, அது எங்கே வாழ்ந்த மீன் என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் மேடம் வருடக்கணக்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வது இதற்காகத்தான். கல் முழுசாக வந்தால்தான் அளக்க முடியும். விளிம்பு கொஞ்சம் உடைந்தாலும் குப்பைதான். அக்கா கையில் கல் உடைந்து நான் பார்த்ததே இல்லை, அவருடைய அப்பா வருகிற வரைக்கும்.

அந்த அப்பா ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவர். குடிக்கமாட்டார். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாம் "குடிகாரரா?" என்று கேட்டுவிட்டு, பதில் கிடைத்த மாதிரி நிம்மதியாகிவிடுகிறார்கள். அவர் குடிக்காமலே அடிப்பார். வீடு மூன்றாவது மாடியில். அவர் காலில் அடியில் இரும்பு பதித்த ஷூ. கடகடவென்று படியேறி வந்தால் அன்றைக்குத் தப்பித்தார்கள். படி திரும்புகிற இடத்தில் சத்தம் நின்றுவிட்டால், அங்கே நின்று பெல்ட்டைக் கழற்றுகிறார் என்று அர்த்தம். அம்மா அடுப்பை அணைப்பார். அக்கா தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நிற்பார். அப்போது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி.

அம்மா கண்ணை மூடியதும் அக்கா அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தேடி அலைந்து, மாடியே இல்லாத ஒற்றை வீடாகப் பார்த்துக் குடிவந்தார். தலைக்கு மேல் யாரும் நடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறல். தம்பி எங்கள் ஆய்வுக்கூட வாசலுக்கே வந்து நின்றான்.

"அக்கா, நீ தனி ஆளு. எனக்குன்னா ரெண்டு புள்ளைங்க, சின்ன வீடு. எப்பவோ நடந்ததையே நெனச்சிட்டிருந்தா எப்படி?"

கட்டிலுக்கு அடியில் பத்திரமாகப் படுத்திருந்த மகராசன். அவன் சொல்லமாட்டானா? எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அக்கா சரி என்றுவிட்டார்.

"ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

"பாவம் பாத்துன்னு நெனைக்காத. அவர் நடக்க முடியாம கெடக்குறத நான் கண்ணால பாக்கணும்."

பார்த்தார். ஆனால் அப்பா வந்த வாரமே சத்தமும் வந்துவிட்டது. சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். இரும்பு பதித்த ஷூ படியேறும். படியே இல்லாத வீட்டில். ஏறி வந்து, பாதியில் நிற்கும். முன்னறையில் போய்ப் பார்த்தால் மனிதர் கட்டிலில் அசைய முடியாமல் கிடப்பார். தண்ணீர்த் தொட்டியாக இருக்கும், குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். அக்காவின் கை நடுங்க ஆரம்பித்தது. கற்கள் உடைந்தன.  மேடம் அரிய மீன்களின் தலைகளை வேறு ஆளிடம் கொடுக்கத் தொடங்கினார். அக்காவுக்கு அது உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கல் வந்தது. மீன் நடுத்தண்ணீரில் பிடிபட்டது என்று கப்பல்காரர்கள் குறித்திருந்தார்கள். கணினியோ அதைத் தரைமீன் கூட்டத்தோடு சேர்த்தது. நான்தான் எங்கோ சொதப்பிவிட்டேன் என்று பயந்து மேடத்தைக் கூப்பிட்டேன்.

"தப்பு உன் மேல இல்ல" என்றார் மேடம். "இந்த மீனோட முன்னோருங்க எல்லாம் தரையில கெடந்ததுங்க. இது மேல வந்துடுச்சு, கல்லோட வடிவம் இன்னும் முழுசா மாறல. வடிவத்துல இருக்கற எடமும் தெரியும், வம்சமும் தெரியும்."

எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா கேட்டார்: "எது அதிகம் மேடம்?"

"அது தெரியாமத்தானே இவ்ளோ தலைய வெட்டிட்டிருக்கோம்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவர் கை தானாகவே நிலைக்கு வந்தது. கல் உடையவில்லை. சத்தம் நின்றுவிட்டது என்றார். நானும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். மருந்து வாங்கி வருகிறேன், அதுவரை அப்பா பக்கத்தில் இரு என்றார். நான் அந்த மனிதரை வெறுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன். சட்டையும் படுக்கையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். குழறிக் குழறி என் மகனைப் பற்றி விசாரித்தார். கோணிய வாயால் சிரிக்கக்கூடச் செய்தார்.

வெளியே கேட் திறந்தது. அவருடைய சிரிப்பு அப்படியே அறுந்துபோயிற்று. இடது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்தது. செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. கிழவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தார்.  அவ்வளவு நேரம் எதற்காக நிற்க வேண்டும்? பிறகு அக்கா ரொம்பச் சாதாரணமாக உள்ளே வந்து, மருந்துப் பையை ஆணியில் மாட்டினார்.

அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னக்கா பண்றீங்க அவர?"

"ஒரு அடி அடிச்சதில்ல. வேளாவேளைக்குச் சோறு, மருந்து, சுத்தம். யார வேணாலும் கேளு."

"அப்புறம் ஏன் இப்படி நடுங்குறாரு?"

குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"கதவுகிட்ட நிப்பேன். அவ்ளோதான். தெனமும். அவருக்குக் கேக்கும், உள்ள வரமாட்டேன். மொதல்ல ஒருநாள் சாவிய தேடிக்கிட்டுத்தான் நின்னேன். உள்ள வந்தா அவர் மூஞ்சி... அன்னிக்குத்தான் அந்தச் சத்தம் கேக்கல. மறுநாளும் நின்னேன், கேக்கல. நிக்காத நாள்ல கேக்குது."

"அவர் பண்ணினதுக்கு இது கொறச்சல்தான்க்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இப்போதும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது.

"அது தெரியும்." குழாயை மூடினார். "ஆனா அவர் மூச்ச பிடிக்கிறது எனக்கு வெளியிலயே கேக்குது. கேக்கும்போது நல்லா இருக்கு. அன்னிக்குப் படியில நின்னப்ப அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?"

 காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் அக்காவின் இடுக்கியில் ஒரு கல் நொறுங்கியது. வேகமாகத் துடைத்தார். அடுத்த தலையிலும் நொறுங்கியது. நான் எழுந்து அவர் பக்கம் போய் உட்கார்ந்தேன். இடுக்கியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"திரும்பவும் கேக்குதாக்கா?"

"கேக்குது. இப்பல்லாம் கேட் கிட்டயே 'நான்தான் வரேன்'னு கத்திட்டு நேரா உள்ள போயிடறேன். மன்னிச்சிட்டேன்னு எல்லாம் நெனைக்காத. அதெல்லாம் இந்த ஜென்மத்துல நடக்காது."

"அப்ப அந்தச் சத்தம்?"

"முன்ன பாதியில நிக்கும். நேத்து மேல வரைக்கும் ஏறி வந்துடுச்சு. கதவு மட்டுந்தான் பாக்கி."

"அய்யோ, பயமா இல்லையாக்கா?"

"செத்துடலாம் போல பயமா இருக்கு" என்றார் கல்லக்கா. "இருக்கட்டும். அது எனக்கு மட்டும் கேக்கட்டும்."